பொருள்: கேப்பிடலைசேஷன் – 'மூலதனமாக்கம்' எனக்கு ஒப்பவில்லை

குழுவினருக்கு வணக்கம்.

'கேப்பிடலைசேஷன்' என்ற கணக்கியல் சொல்லுக்குத் தமிழில் 'மூலதனமாக்கம்' போதும் என்று ஓசூர் நண்பர் நம் குழுவுக்கு எழுதியிருந்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் படிப்பவர் மனம் பங்குச் சந்தைக்குப் போய்விடுகிறது. அரசு அலுவலகத்தில் நடப்பது வேறு. வாங்கிய ஜெனரேட்டரை அன்றாடச் செலவோடு எழுதித் தீர்க்காமல் சொத்து இனத்தில் வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

அரசுத் துறைகளின் கணக்கு ரொக்க அடிப்படையிலானது. பணம் கொடுத்த ஆண்டிலேயே முழுத்தொகையும் செலவு, தேய்மானம் கிடையாது. ஆனால் அந்தச் செலவையும் இனம் பிரித்தாக வேண்டும். தருமபுரியில் ஓர் அரசுக் கட்டடத்துக்கு வெள்ளையடித்தால் அந்தச் செலவு 2059 என்ற கணக்குத் தலைப்பில், புதிதாக எழுப்பினால் 4059-இல். இரண்டு தலைப்பும் பொதுப்பணிதான். முதல் இலக்கம் 2 என்றால் வருவாய்ச் செலவு, அதாவது அன்றாடச் செலவு; 4 என்றால் மூலதனச் செலவு, அதாவது சொத்துக்கான செலவு. அதே ஊரில் நகராட்சிக் கணக்கைப் புரட்டினால் லாரிக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதியிருக்கும். தமிழ்நாட்டு நகராட்சிகள் 2000-ஆம் ஆண்டையொட்டியே ரொக்க முறையை விட்டு, சொத்தும் தேய்மானமும் காட்டும் முறைக்கு மாறிக்கொண்டன. நம் சொல் இரண்டு இடத்துக்கும் பொருந்த வேண்டும்.

காரிமங்கலம் அம்மையார் தந்த 'சொத்தாக்கம்' அழகான சொல். ஆனால் 'எழுத்தர் மேசையைச் சொத்தாக்கினார்' என்று எழுதிப் பாருங்கள். ஓய்வுபெறும் நாளில் அவர் மேசையோடு வீடு போய்ச் சேர்ந்ததாகத் தோன்றும்!

இன்னொரு சிக்கலும் உண்டு. 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையில் ஒரு ஷட்டர் உடைந்தது. இப்படி உடைந்ததைப் பழையபடி சரிசெய்வது பராமரிப்பு. அணையின் பயன்பாடே கூடும்படி மாற்றியமைத்தால்? மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், இருக்கும் சொத்தின் பயன்பாட்டை உயர்த்தும் செலவையும் மூலதனச் செலவில் சேர்க்கின்றன. அங்கே புதிதாக எதுவும் 'ஆக'வில்லை. பழைய சொத்தின் மீது செலவு ஏறுகிறது.

ஆகவே என் முன்மொழிவு 'சொத்தேற்றுதல்'. 'ஸ்டாக்கில் ஏற்றியாயிற்றா?' என்று அலுவலகங்களில் கேட்பது வழக்கம்தானே. 'சொத்தேற்றம்' என்று சுருக்க வேண்டாம். விலையேற்றம்போலச் சொத்தின் மதிப்பு ஏறியதாகப்படும். 'சொத்தேற்றல்' என்றால் யாரோ தானமாக வாங்கிக்கொண்டதுபோல் இருக்கிறது, 'ஏற்பது இகழ்ச்சி' நினைவுக்கு வருகிறது. எத்தனை ரூபாய்க்கு மேற்பட்டால் சொத்துக் கணக்கு என்ற எல்லைக்கு 'சொத்தேற்று வரம்பு' எனலாம். 'ஏற்றுமதி' இருக்கும்போது இது நாக்கில் இடறாது.

கணக்கிலிருந்து நீக்குவதற்கு 'சொத்திறக்குதல்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பழைய ஜீப்பை ஏலம் விடும்போது 'கழிவு செய்தல்' என்றே எழுதி வருகிறார்கள். அது நல்ல சொல், இருக்கட்டும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். பத்திரப்பதிவோடு குழம்பும் 'சொத்துப்பதிவு' மட்டும் மீண்டும் வேண்டாம்.