நந்திக்கடல் கொடுவாவுக்கு எந்த நூல் உழைக்கும்?

வணக்கம். முல்லைத்தீவிலிருந்து எழுதுகிறேன். நந்திக்கடலில் கொடுவா பிடிப்பதற்கு மெல்லிய தடியும் சிறிய ரீலும் வைத்திருக்கிறேன். எட்டு இறாத்தல் இழுவை தாங்கும் தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்), கண்டல் வேரில் உரசியவுடனேயே அறுந்துவிடுகிறது. தடிக்குப் பாரமில்லாமல் நீண்டகாலம் உழைக்கும் நூல் எது?

மறுமொழி 1:
தம்பி, தடித்த தங்கூசிக்கு மாறாதீர்கள். சிறிய ரீலில் அதன் சுருள் நிமிராமல் நின்று, எறியும் தூரத்தைக் குறைத்துவிடும். பத்து இறாத்தல் பின்னல் நூலைச் சுற்றி, முனையில் உரசலைத் தாங்கும் புளோரோகாபன் என்ற செயற்கை இழையில் இருபது இறாத்தலை ஒரு பாகமளவு (ஏறத்தாழ ஆறடி) முன்னிழையாகக் கட்டுங்கள். பின்னல் நூல் அதே பலமுள்ள தங்கூசியைவிட மிக மெல்லியது, தண்ணீரையும் உறிஞ்சாது. ஆனால் சிப்பியோ கொடுவாவின் செவுள்மூடியிலுள்ள கூரிய விளிம்போ பட்டால் சட்டென அறுந்துபோகும் என்பதால், அந்த முன்னிழை கட்டாயம் வேண்டும்.

மறுமொழி 2:
பின்னல் நூலுக்கு அடியில் சில சுற்றுத் தங்கூசி போடுங்கள். இல்லாவிட்டால் மீன் இழுக்கும்போது நூல் முழுவதும் ரீலில் வழுக்கிச் சுழலும். முடிச்சை நனைத்தே இறுக்க வேண்டும், ஏனெனில் உலர்ந்த புளோரோகாபன் உராய்வுச் சூட்டில் பலம் இழக்கும். முத்தையன்கட்டுக் குளத்தில் திலாப்பியா பிடிப்போருக்கு இந்தச் செலவெல்லாம் வீண் என்பேன். அங்கே தங்கூசியே தாராளம்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. முன்னிழை பழுதானதை எப்படி அறிவது?

மறுமொழி 1:
ஒவ்வொரு மீனுக்குப் பின்னரும் கடைசி ஒரு முழத்தை நகங்களுக்கிடையே இழுத்துப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால், அதற்கு மேலே வெட்டி மறுபடி கட்டுங்கள்.