கோரியோ மன்னர் வெளியூர்ப் பிள்ளைகளைத் தலைநகருக்கு அழைத்துப் படிக்கவைத்தது ஏன்?

கேள்வி:
கொரியாவை ஆண்ட கோரியோ அரசின் மன்னர் சியோங்ஜோங் (ஆட்சி 981–997) மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தலைநகர் கேசோங்கில் படிக்கவைத்தார் என்றும், 986இல் அவர்களுள் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டனர் என்றும் படித்தேன். அரசுப் பணித் தேர்வு 958 முதலே இருந்த நாட்டில், மன்னரே முன்னின்று இதைச் செய்ய வேண்டிய தேவை என்ன? கல்வியில் கொண்ட அக்கறையா, உள்ளூர்த் தலைவர்களைக் கட்டுக்குள் வைக்கும் ஏற்பாடா?

மறுமொழி 1:
இரண்டையும் பிரிக்க இயலாது என்பதே என் கருத்து. வாங் கொன் 918இல் கோரியோவை நிறுவியபோது உள்ளூர்ப் படைத்தலைவர்களின் ஆதரவை நம்பியிருந்தார். அதனால் ஊர்களின் அதிகாரம் நெடுங்காலம் அவர்களிடமே தங்கியது. 983இல்தான் பன்னிரண்டு மாகாண மையங்களுக்கு மன்னரின் அதிகாரிகள் சென்றனர். அத்தலைவர்களின் பிள்ளைகள் கன்பூசிய நூல்களைக் கற்றுத் தேர்வின் வழியே பதவிக்கு வந்தால், அக்குடும்பங்களின் உயர்வு அரசவையைச் சார்ந்ததாகிவிடும். ஆயினும், வந்திருந்த 260 பேரில் 207 பேர் வீட்டு நினைவால் திரும்ப விரும்பினர், மன்னரும் அனுமதித்தார். 987இல் அவர் அந்தப் பன்னிரண்டு மையங்களுக்கும் கன்பூசிய நூல் ஆசிரியர் ஒருவரையும் மருத்துவ ஆசிரியர் ஒருவரையும் அனுப்பி, திறமையுள்ளோரைத் தலைநகருக்குப் பரிந்துரைக்குமாறும் ஆணையிட்டார். மாணவர் வராத இடத்தில் ஆசிரியரை அனுப்பிய இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

மறுமொழி 2:
ஆசிரியரை அனுப்புவது பாதி வேலைதான்; கற்றவருக்குப் பதவியின் கதவு திறக்க வேண்டும். கோரியோவுக்குப் பின் கொரியாவை ஆண்ட ஜோசியோன் அரசின் காலத்தில், தென்கிழக்கிலுள்ள கியோங்சாங் பகுதியில் கல்விக்குக் குறைவில்லை. கன்பூசிய அறிஞர் ஈ ஹ்வாங்கின் மரபே அங்கு வேரூன்றியிருந்தது. ஆனால் 1694இல் அரசவையில் அம்மரபினரின் அணி வீழ்ந்தது, 1728 கிளர்ச்சி அப்பகுதியின் மீது ஐயத்தை வளர்த்தது; அதன்பின் அவர்கள் உயர்பதவிகளிலிருந்து பெரிதும் ஒதுக்கப்பட்டனர். மன்னர் ஜியோங்ஜோ 1792இல் ஈ ஹ்வாங்கின் நினைவாக அமைந்த தோசான் கல்விக்கூடத்தின் முன்னே சிறப்புத் தேர்வு நடத்தச் செய்தபோது, 7,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். விடைத்தாள்கள் தலைநகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன; மன்னரே மதிப்பிட்டு இருவரை முதன்மையாகத் தேர்ந்தெடுத்தார்.

கேள்வி கேட்டவர்:
7,000 பேரில் இருவர் என்றால், அத்தேர்வு வெறும் அடையாளச் செயலாகாதா?

மறுமொழி 2:
பதவி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். எனினும், நூறாண்டுக்கு நெருங்கிய காலம் ஒதுக்கப்பட்டவர்களின் ஊருக்கே தேர்வு சென்றது. அவர்கள் போற்றிய ஆசானை மன்னர் வெளிப்படையாகப் பெருமைப்படுத்தினார். அரசவையில் ஓங்கியிருந்த அணிக்கு எதிரே தமக்குத் துணை தேடிய ஜியோங்ஜோவுக்கு அந்தக் கூட்டம் உதவவும் செய்தது. 1794இல் தொலைவிலுள்ள ஜெஜு தீவிலும் அவர் இத்தகைய தேர்வை நடத்தியதால், இதைத் தோசானோடு நின்றுபோன சடங்காக நான் கருதவில்லை.