எக்ஸோம் டெஸ்ட் குறைந்த செலவில் எங்கே எடுக்கலாம்?

வணக்கம், நாங்கள் காசிமேடு. அக்கா மகனுக்கு மூன்று வயது. போன வருடம் "மாமா, மீனு" என்று கூப்பிட்டவன், வலிப்பு வந்த பிறகு ஒவ்வொரு சொல்லாக விட்டுவிட்டான். எம்ஆர்ஐ, இஇஜி எல்லாம் பார்த்தாச்சு, ஃபைல் தலையணை கனம். காரணம்தான் தெரியவில்லை.

இப்போது டாக்டர் எக்ஸோம் சீக்வென்சிங் எழுதியிருக்கிறார். சுமார் 20,000 மரபணுக்களில் புரதம் உண்டாக்கும் பகுதிகளை ஒரே தடவையில் படித்துவிடுமாம். அக்கா கட்டியது சொந்த அத்தை மகனை. அதையும் குறித்துக்கொண்டு, பெற்றோர் ரத்தமும் வேண்டும் என்றார். தனியார் லேபில் மூவருக்கும் 45 ஆயிரம். மச்சான் விசைப்படகுக்குப் போகிறவர், தடைக்காலம் 61 நாளும் வருமானம் ஏது?

2021இல் தேனாம்பேட்டையில் திறந்த அரசு மரபணு ஆய்வகம் கொரோனா வகைகளைக் கண்டறியத் தொடங்கியதுதான். மரபணுப் பரிசோதனை செய்யும் மத்திய அரசு மையமான சிடிஎஃப்டி ஹைதராபாத்தில் இருக்கிறது, அவ்வளவு தூரம் அலைச்சல். சென்னையிலேயே யாராவது இலவசமாகவோ ஆராய்ச்சித் திட்டத்திலோ எடுத்தீர்களா? ரிப்போர்ட்டைத் தமிழில் விளக்கும் மரபணு ஆலோசகர் இருந்தாலும் சொல்லுங்கள்.