ஒய் எழுத்தில் முடியும் ஆங்கிலச் சொற்களின் பன்மையை மகளுக்கு எப்படி விளக்குவது?

கேள்வி

வணக்கம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் ஆங்கில நோட்டு நேற்றுத் திருத்தி வந்தது. 'பேபி', 'சிட்டி' ஆகியவற்றின் பன்மையில் ஒய்யை எடுத்துவிட்டு ஐ-இ-எஸ் சேர்த்துச் சரியாக எழுதியிருந்தவள், குரங்கைக் குறிக்கும் 'மங்கி'க்கும் அதேபோல எம்-ஓ-என்-கே-ஐ-இ-எஸ் என்று எழுதியிருக்கிறாள்; அதைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறார்கள். "மூன்றும் ஒரே மாதிரிதானே முடிகின்றன, இது மட்டும் ஏன் தப்பு?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. வெறும் மனப்பாடமாக இல்லாமல், காரணம் புரியும்படி விளக்க வழி உண்டா?

மறுமொழி 1

சகோதரி, உங்கள் மகள் காதை நம்பி எழுதியிருக்கிறாள். தமிழ்க் குழந்தை அப்படிச் செய்வது இயல்பே. 'மரம்' 'மரங்கள்' ஆவதும், 'கல்' 'கற்கள்' ஆவதும் நமக்குக் காதிலேயே கேட்டுவிடுகின்றன. ஆங்கிலத்தில் இந்த மாற்றம் எழுத்தில் மட்டுமே நிகழ்வதால், ஒய்க்கு முன்னால் நிற்கும் எழுத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். அங்கே மெய்யெழுத்து நின்றால் ஒய் போய் ஐ-இ-எஸ் வரும்; ஏ, இ, ஓ, யூ போன்ற உயிரெழுத்து நின்றால் ஒய் அப்படியே இருக்க, எஸ் மட்டும் சேரும். 'மங்கி'யில் கே எழுத்துக்கும் ஒய்க்கும் நடுவே ஓர் இ இருக்கிறது. காதில் தனியாக விழாத அந்த எழுத்தைத்தான் அவள் தவறவிட்டிருக்கிறாள். 'டாங்கி', 'கிட்னி', 'சிம்னி', 'ஜர்னி', 'ஜாக்கி' எல்லாம் இதே இனம். இவற்றை ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லி, அந்த இ எழுத்தை மட்டும் வண்ணப் பென்சிலால் வட்டமிடச் செய்யுங்கள்.

மறுமொழி 2

காரணம் கேட்டிருப்பதால் வரலாற்றையும் சொல்ல விரும்புகிறேன். முற்காலத்தில் இத்தகைய சொற்கள் பலவற்றின் ஒருமையையே ஐ-இ என்று முடித்து எழுதும் வழக்கம் இருந்தது. 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில், 'மேக்பெத்' நாடகத்தின் தலைப்பிலுள்ள 'டிராஜடி' என்ற சொல் ஐ-இ என்றே முடிகிறது. அதன்மேல் எஸ் சேர்ந்தால் பன்மை, அவ்வளவுதான். பின்னாளில் ஒருமை ஒய்க்கு மாறி நிலைபெற்றுவிட, பன்மை பழைய உருவிலேயே தங்கிவிட்டது. ஒய் ஐ-இ ஆக மாறுகிறது என்று நாம் கற்பிப்பது வசதிக்காகவே.

மறுமொழி 3

மேலே சொன்ன விதி சரியானது. விலக்குகள் சில உண்டு. நாடகத்தில் ஒரு பாத்திரம் தனக்குத்தானே பேசிக்கொள்வதைக் குறிக்கும் 'சொலிலொக்வி' என்ற சொல்லில் ஒய்க்கு முன் யூ நின்றாலும், கியூவை அடுத்து வரும் அந்த யூ மெய்யாக ஒலிப்பதால் பன்மை ஐ-இ-எஸ்தான். ஆட்பெயர்களில் ஒய்யைத் தொடக்கூடாது. கென்னடி குடும்பத்தாரைப் பன்மையில் எழுதும்போது எஸ் மட்டும் சேர்க்க வேண்டும். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறொன்று. எங்கள் தெருவில் 'லேடீஸ் டெய்லர்' என்ற பலகையில் ஒய்க்குப் பிறகு மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) இட்டு எஸ் எழுதியிருக்கிறார்கள். அது 'ஒரு பெண்மணியுடைய' என்று பொருள்படும் வேற்றுமை உருவமே தவிர, பன்மை அன்று. குழந்தைகள் பலகைகளைப் பார்த்தும் எழுத்துக் கற்கிறார்கள் என்பதால், இந்த வேறுபாட்டையும் இப்போதே காட்டிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. மாலையில் வட்டமிடும் பயிற்சியைச் செய்தோம். கதையைக் குறிக்கும் 'ஸ்டோரி'க்கு ஐ-இ-எஸ் போட்டவள், கட்டடத்தின் மாடியைக் குறிக்கும் 'ஸ்டோரி'யைப் பிரிட்டிஷ் முறைப்படி இ-ஒய் என்று எழுதுவதை அகராதியில் தானே தேடிக் கண்டுபிடித்து, அதற்கு எஸ் மட்டும் சேர்த்தாள்.