24 மைக்ரானில் பளிச், 250-இல் ஒன்றுமே இல்லை

வெருலம்வாசி:
பல தொலைநோக்கிகள் ஆழமாக நோக்கிய காஸ்மோஸ் வானப்புலத்துப் பேரடை ஒன்று இன்னும் உறுத்துகிறது. செந்நகர்வு 2, அதாவது அதன் ஒளி அலைநீளம் 3 மடங்கு நீண்டு நம்மை அடைகிறது. ஸ்பிட்சர் அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் 24 மைக்ரான் படத்தில் பளிச்சென்று நிற்கிறது. அருகிலுள்ள பேரடைகளின் நிறமாலை மாதிரியைப் பொருத்தினால் 8 முதல் 1000 மைக்ரான் வரை மொத்த ஒளிர்வு சூரியனைப் போல் 10¹³ மடங்கு. அதை விண்மீன் பிறப்பு வீதமாக மாற்றும் கெனிக்கட்டின் 1998 கெழு 1.7×10⁻¹⁰, ஆக ஆண்டுக்கு 1700 சூரிய நிறை விண்மீன்கள். ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கியின் 250 மைக்ரான் படத்திலோ அதே இடம் வெறும் இரைச்சல். பல பத்து மில்லிஜான்ஸ்கி (ஒளிப்பாய அலகு) தெரிய வேண்டாமா?

டேபிள்மலை:
24-ஐ 3-ஆல் வகுங்கள் அண்ணா, 8 மைக்ரான். பிஏஎச் எனும் கார்பன் வளைய மூலக்கூறுகளின் 7.7 மைக்ரான் பட்டை அங்கேதான் விழுகிறது. இவ்வளவு ஒளிர்வுள்ள இன்றைய பேரடைகளைவிட அந்தக் காலத்தவற்றில் இந்தப் பட்டை வலுவானது. அதனால் உங்கள் மாதிரி நாலைந்து மடங்கு கூட்டிச் சொல்லும். குறைத்தால் 250-இல் இரைச்சலோடு கலந்துவிடும். நான் பார்த்த, அதே செந்நகர்வுள்ள இன்னொரு பேரடையில் 3.6, 4.5, 5.8, 8 மைக்ரான் நான்கிலும் ஒளி ஏறிக்கொண்டே போனது. விண்மீன்களென்றால் அவற்றின் நிறமாலையின் 1.6 மைக்ரான் மேடு 4.8 பக்கம் தெரிந்து இறங்கவேண்டும். மேடே இல்லை, கருந்துளையைச் சுற்றிய சூடான தூசி. உங்கள் கெழு சால்பீட்டர் நிறைப்பரவலுக்கு (பிறக்கும் விண்மீன்களில் எந்த நிறையில் எத்தனை என்ற கணக்கு). சாப்ரியே என்றால் 1.0×10⁻¹⁰.

கரூக்காற்று:
டேபிள்மலை 24-ஐ மட்டும் குறை சொல்வதை ஏற்கமாட்டேன். ஹெர்ஷலும் ஏமாற்றும். 500 மைக்ரானில் கற்றை அகலம் (பிரித்துக் காணும் எல்லை) 36 விகலை. அதில் ஒரே அசுரப் பேரடையாகத் தெரிந்தது, 24-இல் மூன்றாகப் பிரிந்தது. 250-இலும் 18 விகலை. பிரியாத மங்கலான பேரடைகள் கலந்து உண்டாக்கும் குழப்ப இரைச்சல் சுமார் 6 மில்லிஜான்ஸ்கி, எவ்வளவு நேரம் நோக்கினாலும் குறையாது.

முதலில் 24 மைக்ரான் இடங்களோடு தென்னாப்பிரிக்காவில் நம் கரூவின் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி தரும் மைட்டீ அளவாய்வு வரைபட இடங்களையும் சேர்த்துப் பட்டியல் போடுங்கள். அதை எக்ஸ்ஐடி பிளஸ் என்ற, கலந்த ஒளியைப் பேரடைவாரியாகப் பிரிக்கும் மென்பொருளில் கொடுத்து 250, 350, 500 மூன்றையும் பிரியுங்கள். பட்டியல் நெருக்கமானால் பக்கத்துப் பேரடைகளுக்குள் ஒளி மாறி மாறிப் போகும். தனித்தனிப் பிழையைப் பார்த்து நம்பாதீர்கள், ஒன்று கூடினால் மற்றது குறைகிறதா என்று காட்டும் இணைமாறுபாட்டைப் பாருங்கள். கற்றைக்குள் இரண்டு பேரடைகள் பிரியவில்லையென்றால் கூட்டுத்தொகையை மட்டும் வையுங்கள். பிறகு ரேடியோவோடு ஒப்பிடுங்கள். அகச்சிவப்புக்கும் 1.4 கிகாஹெர்ட்ஸுக்குமான விகிதத்தின் மடக்கை, q, அருகிலுள்ள பேரடைகளில் 2.6 அளவு. 2-க்கும் கீழே இறங்கினால் ரேடியோ ஒளி கருந்துளையுடையது. விண்மீன் கணக்கில் சேர்க்காதீர்கள். மீர்கேட் அளப்பது 1.28 கிகாஹெர்ட்ஸில், 1.4-க்கு மாற்றவும் செந்நகர்வுத் திருத்தத்துக்கும் ரேடியோ நிறமாலையின் சரிவெண் 0.7 எடுப்பது வழக்கம்.