வண்டியின் ‘ஸ்டான்ஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே உருமாற்றுவோருக்கான கையேட்டில் மற்ற சொற்களெல்லாம் ஒருவழியாகப் படிந்துவிட்டன. ‘ஸ்டான்ஸ்’, அதாவது வண்டி முன்னும் பின்னும் எவ்வளவு உயர்ந்து எப்படிச் சாய்ந்து நிற்கிறது என்பது, மட்டும் தொங்கலில் இருக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் நிலைப்பாடு, நிலை, தோரணை, நின்ற கோலம், வண்டிவாகு ஆகியவை.

‘நிலைப்பாடு’ கட்சிகளுக்கும் அறிக்கைகளுக்கும் உரிய சொல். யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியின் நிலைப்பாடு என்று எழுதினால், எந்தக் கூட்டணியில் என்று கேட்பார்கள். ‘நிலை’ நல்ல சொல்தான். ஆனால் செட்டிநாட்டில் அது வாசலுக்குப் போய்விட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்காரரிடம் ‘பழைய நிலை’ என்று கேட்டால் செதுக்குவேலை செய்த தேக்கு வாசற்காலைத்தான் காட்டுவார். ‘வண்டிக்கு நிலை மாற்றினேன்’ என்பவனுக்குத் தேவை மெக்கானிக்கா, ஆசாரியா என்ற குழப்பம் வரும்.

‘நின்ற கோலம்’ என்று எழுதிய திருப்பத்தூர் அன்பரின் மனம் எங்கே போயிற்று என்று தெரிகிறது. பக்கத்தில் இருக்கும் திருக்கோட்டியூரில் ஒரே விமானத்தின் அடுக்குகளில் பெருமாள் கிடந்தும் நின்றும் இருந்தும் காட்சி தருகிறார். உடல் எப்படி இருத்தப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான மரபு நம்மிடம் இல்லை. எனக்கும் ஆசைதான். ஆனால் ‘கோலம்’ தனியாக நின்றால் வாசல் மாவுக்கும் அலங்கோலத்துக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் பிசகினால் ‘இது என்ன கோலம்’ என்று அம்மா கேட்பதுபோல் ஆகிவிடும். உருமாற்றிய வண்டிகள் பலவற்றுக்கு அந்தக் கேள்வி பொருந்தும் என்பது வேறு விஷயம்.

‘தோரணை’ அருகில் வருகிறது. ஆனால் அது பார்வைக்கு மட்டுமே. நமக்கு வேண்டிய சொல் பார்வையையும் அளவையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். கொஞ்சம் விளக்குகிறேன்.

பின்பக்கத்து இரண்டு சாக்கப்சர்களைக் கழற்றிவிட்டு நீளமானவற்றை மாட்டுகிறான் ஒருவன். வண்டியின் பின்புறம் எழும்பி, டேங்க் முன்னோக்கிச் சரிந்து, பாயப் போவதுபோல் ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. அவன் கேட்டது அதைத்தான். கேட்காமலே வந்தவை வேறு. முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடைத்தூரம் 1300 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சட்டகத்தின் பின்பாகம் 25 மில்லிமீட்டர் உயர்ந்தால் வண்டி முழுவதும் ஏறக்குறைய ஒரு பாகை முன்னால் சாய்கிறது. அந்த ஒரு பாகை அப்படியே கழுத்துக்கு, அதாவது ஹேண்டில் திரும்பும் சட்டகத்தின் முன்முனைக் குழாய்க்குப் போகிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க் அந்த அளவுக்கு நிமிர்கிறது. கழுத்தின் நடுக்கோட்டைத் தரைவரை நீட்டினால் விழும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் 7 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைகிறது. நேர்ச்சாலையில் ஹேண்டிலைத் தானாக நேராக்குவது இந்தத் தூரம்தான். அது குறைந்தால் வண்டி சட்டென்று திரும்பும். ஆனால் தேவகோட்டைச் சாலையில் லாரி கடந்துபோகும் காற்றுக்கே முன்சக்கரம் பதறும்.

ஃபோர்க் குழாய்களை மேல்நோக்கி நழுவவிட்டு முன்புறத்தைத் தாழ்த்தினாலும் இதே கதைதான். கூடவே ஒரு தொல்லை. பள்ளத்தில் இறங்கி ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது முன்டயரோ மட்கார்டோ சைலன்சர் குழாயில் இடிக்க இடமிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பின்புறம் எழும்பினால் சங்கிலியின் தொய்வு மாறும், ஹெட்லைட் வெளிச்சம் தரையில் விழும், சைடு ஸ்டாண்டு குட்டையாகிப்போய் வண்டி இடப்பக்கம் அளவுக்கு மீறிச் சாயும். வண்டியையே தாழ்த்தினால் ஸ்டாண்டு நெட்டையாகிவிடும். வண்டி நட்டுக்குத்தலாக நின்று, சீட்டில் யாராவது பையை வைத்தால் வலப்பக்கம் விழும்.

ஆக, ஒரு போல்ட்டை மாற்றினால் ஏழெட்டு விஷயங்கள் சேர்ந்து நகர்கின்றன. அந்தத் தொகுப்புக்குத்தான் பெயர் தேடுகிறோம். பழைய மாட்டுவண்டிக்காரர்களுக்கு இது புதிதல்ல. மூட்டையை ஏற்றிவிட்டு நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். மாட்டின் கழுத்தை அழுத்தினால் முன்பாரம், நுகம் தானாக மேலே எழும்பினால் பின்பாரம். இரண்டே சொல்லில் வண்டியின் கணக்கு முடிந்தது. கலைச்சொல் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

என் பரிந்துரை: நிற்பு.

இருப்பு, கிடப்பு, நடப்பு எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த வரிசையில் நிற்பு ஒன்றுதான் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. பழைய பொருள் எதுவும் குறுக்கே வந்து நிற்காது. முன்தாழ் நிற்பு, பின்தூக்கு நிற்பு, சமநிற்பு என்று கிளைக்கும். ‘வண்டியின் நிற்பு கெட்டுவிட்டது’ என்று சாதாரணமாக எழுதலாம்.

இதோடு சேர்த்து, ‘ரேக்’ என்பதற்குக் கழுத்துச் சாய்வு, ‘வீல்பேஸ்’ என்பதற்கு அச்சிடைத் தூரம். ஹேண்டிலைத் தானாக நேராக்குகிறது என்று மேலே சொன்ன தூரம்தான் ‘டிரெயில்’. அதற்குச் சரியான சொல் எனக்கு அகப்படவில்லை.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து

---

ஐயா,

கிடப்பு, நடப்பு வரிசை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பட்டறையில் யாரும் நிற்பு என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘பின்னாடி தூக்கல்’, ‘மூக்கு குத்துகிறது’, ‘வண்டி எடுப்பாக இருக்கிறது’ என்பவைதான் வாயில் வருகின்றன. ‘எடுப்பு’ என்றே வைத்துக்கொண்டால் என்ன? சோற்றில் கல்லைப் போடுவதாக நினைக்க வேண்டாம்.

இன்னொரு கேள்வி. வண்டி ஓடுவதற்குத்தானே. ஆள் ஏறி உட்கார்ந்ததும் சாக்கப்சர் அமுங்கி, நீங்கள் சொன்ன அளவுகள் எல்லாம் மாறிவிடும். நிற்பு என்றால் எந்த நேரத்து நிற்பு?

சட்டத்தைப் பற்றியும் கையேட்டில் ஒரு பத்தி வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. சட்டகத்தை வெட்டி ஒட்டும் படங்களை முன் அட்டையில் போட்டு, பிள்ளைகளைக் கிளப்பிவிட வேண்டாம்.

தேவகோட்டைத் தம்பி

---

தம்பிக்கு,

சட்டப் பத்தியைச் சேர்த்துவிடுவோம். அட்டையில் வெட்டிய சட்டகம் வராது. தூக்குக்குண்டும் ரசமட்டமும் வரட்டும். அளவெடுக்க அவை இரண்டே போதும். தளம் மட்டமாக இருக்க வேண்டும். வளவின் முற்றம் மழைநீர் ஓடுவதற்காகச் சரித்துப் போட்டது, அங்கே எடுக்கும் கோணம் பொய். ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலைக் கூடத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்து. கல்லின் மேல் பழைய சாக்கு விரித்துக்கொள். எண்ணெய்க் கறை ஏறினால் ஆச்சி சும்மா விடமாட்டார்கள்.

‘எடுப்பு’ எனக்கும் பிடித்த சொல். ஆனால் அது ஏற்கெனவே பாராட்டு. முன்சக்கரம் பதறும் வண்டிக்கும் நிற்பு உண்டு. அதை எடுப்பு என்று சொல்ல நா எழாது. நல்லதையும் கெட்டதையும் ஒரே சொல் தாங்க வேண்டும். ‘எடுப்பான நிற்பு’ என்று சேர்த்து எழுதினால் இரண்டுக்கும் வேலை கிடைக்கும். தூக்கல், மூக்குக் குத்தல் இரண்டையும் அப்படியே கையேட்டில் வைத்துக்கொள்வோம். பட்டறைச் சொல்லைத் திருத்துவது நம் வேலை அல்ல.

ஆள் ஏறியதும் மாறுகிறது என்றாயே, அதுதான் இந்த இழையில் வந்த நல்ல கேள்வி. வெறும் வண்டியில் அளந்தது காலி நிற்பு. ஓட்டுகிறவர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தபின் அளந்தது ஏறிய நிற்பு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அமுங்கல். புகைப்படத்தில் தெரிவது காலி நிற்பு, சாலையில் வேலை செய்வது ஏறிய நிற்பு. பின்னால் ஒருவரை ஏற்றினால் பின்புறம் தாழ்ந்து கழுத்துச் சாய்வு கூடும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். புது சாக்கப்சர் விறைப்பாக இருந்தால் அமுங்கல் குறையும். நீளம் மாறாமலே வண்டி உயர்ந்ததாகத் தெரிவது அதனால்தான்.

---

குழுவிற்கு,

பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். ‘டிரெயில்’ என்பதற்குப் ‘பின்தங்கு தூரம்’ எப்படி? கழுத்துக்கோடு தரையில் குத்தும் புள்ளிக்குப் பின்னால்தான் டயர் தங்கி வருகிறது. ‘பின்தங்கிய’ என்ற அரசாணைச் சாயல் வருகிறது என்று யாருக்காவது உறுத்தினால் ‘பின்தொடர் தூரம்’ என்று எழுதலாம். என் ஓட்டு முதலாவதற்கே.

---

பள்ளத்தூர் அண்ணனுக்கு நன்றி. பின்தங்கு தூரம் என்றே அட்டவணையில் ஏற்றிவிட்டேன். நிற்பு, காலி நிற்பு, ஏறிய நிற்பு, அமுங்கல், கழுத்துச் சாய்வு, அச்சிடைத் தூரம் ஆகியவையும் உள்ளே போய்விட்டன. மறுப்பு இருந்தால் அடுத்த ஞாயிறுக்குள் எழுதுங்கள். அதற்குப் பிறகு ‘ஹேண்டில் பார்’ பற்றிப் பேசத் தொடங்கலாம். ‘கைப்பிடிக் கம்பி’ என்று யாரும் ஆரம்பித்துவிட வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.