ரிவர்ஸ் ரீமாடலிங்: ‘உருமீள்வு’ பொருந்துமா?

வணக்கம்.

வீங்கிய இதயத்தில் பீட்டா தடுப்பான்கள் (இதயத்தை விடாமல் தூண்டும் சுரப்பின் வேலையைத் தடுக்கும் மருந்துகள்) செய்யும் வேலையைத் தமிழில் எழுதப் போனால் ‘ரிவர்ஸ் ரீமாடலிங்’ வந்து வழி மறிக்கிறது. இதயம் விரிந்து உருமாறிக் கெடுவது ‘ரீமாடலிங்’, அது பழைய உருவை நோக்கித் திரும்புவது ‘ரிவர்ஸ் ரீமாடலிங்’. இந்த இழையில் வந்த ‘தலைகீழ் மறுவடிவமைப்பு’ எனக்குச் சரியாகப் படவில்லை. தலைகீழ் என்றால் கவிழ்ந்துவிட்டது என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். மறுவடிவமைப்போ யாரோ திட்டம் போட்டுச் சீராக்கியதுபோல ஒலிக்கிறது. அறை விரிந்து, சுருங்கும் வலுவை இழந்துகொண்டிருக்கும் இதயத்துக்கு அந்தப் பெயரைக் கொடுக்க மனம் வரவில்லை.

நடப்பது என்ன? தளர்ந்த இதயத்தை ஈடுகட்ட உடல் நாரட்ரினலின் என்ற தூண்டுசுரப்பை விடாமல் சுரக்கிறது. அது இதயச் செல்களில் தன்னை ஏற்கும் பீட்டா-1 ஏற்பிகளை ஓயாமல் தூண்டத் தூண்ட, தசைச் செல்களின் மரபணு வெளிப்பாடு மாறுகிறது. தசையைச் சுருக்கும் மயோசின் புரதத்தில் விரைவாகச் சுருங்க உதவும் ஆல்ஃபா வகை குறைகிறது, மெதுவான பீட்டா மயோசின் கூடுகிறது. சுருங்கி முடிந்ததும் கால்சியத்தைச் செல்லுக்குள் இருக்கும் சேமிப்பறைக்குத் திரும்ப ஏற்றும் செர்கா புரதமும் குறைந்துவிடுகிறது. கருப்பருவத்தில் வேலை செய்து அடங்கிய சில மரபணுக்கள் மறுபடி தலைதூக்குகின்றன.

1975இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் வாக்ஸ்டைன் குழுவினர் இத்தகைய நோயாளிகளுக்குப் பீட்டா தடுப்பான் கொடுத்த முடிவுகளை வெளியிட்டது பெரிய துணிச்சல். தளர்ந்த இதயத்தை அது மேலும் தளர்த்தும் என்பதே அன்றைய பாடம். 2002இல் வெளியான ஆய்வில் அமெரிக்காவின் பிரிஸ்டோவும் உடன் ஆய்வாளர்களும் இதய விரிவு நோய் உள்ள 53 பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்கு மெட்டோபிரலால் அல்லது கார்வெடிலால் என்ற பீட்டா தடுப்பான், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை என்று கொடுத்து, இதயத் தசைத் துணுக்குகளில், மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்று காட்டும் தூது ஆர்என்ஏவை அளந்தார்கள். மருந்தால் இதயம் தேறியவர்களிடம் செர்காவும் ஆல்ஃபா மயோசினும் கூடியிருந்தன, பீட்டா மயோசின் குறைந்திருந்தது. ஆனால் பீட்டா ஏற்பிகளின் மரபணு வெளிப்பாட்டில் அப்படி ஒரு வேறுபாடு தெரியவில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

> ‘உருத்திரிபு – உருமீட்சி’ என்ற இணை பொருந்துமே?

ஐயா, கெடுவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று என்று சொற்களை இணையாக வைக்க வேண்டும் என்பதில் முழு உடன்பாடு. திரிபில்தான் சிக்கல். பாடநூல்களில் அது ஏற்கெனவே இயற்பியல் சொல். அதைவிட, கொரோனாவுக்குப் பிறகு திரிபு என்றதும் மரபணு வரிசையே மாறியதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். இங்கே வரிசை மாறவே இல்லை, எந்த மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்பது மட்டுமே மாறுகிறது. கட்டுரையின் மையக் கருத்தே அதுதான். ஆகவே ரீமாடலிங்கை ‘உருக்குலைவு’ என்போம். நாம் அன்றாடம் புழங்கும் சொல், கெடுதல் நடக்கிறது என்ற பொருளும் தானாக வந்துவிடுகிறது.

அப்புறம் மீட்சி. அது முழுதாக விடுபட்டதைச் சொல்கிறது. 2019இல் வெளியான ஒரு சோதனையில், இதயம் தேறி அறிகுறிகள் நீங்கியவர்களுக்குப் பீட்டா தடுப்பான் உட்பட மருந்துகளைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறே மாதத்துக்குள் சுமார் 40 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பிவிட்டது. மீட்சி என்று படித்துவிட்டு ஒரு நோயாளி தானாக மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? அந்தக் கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

‘உருமீள்வு’ திரும்பும் போக்கை மட்டும் சொல்கிறது. வேதியியலில் மீள்வினை இரு திசையிலும் நடப்பது. அந்த நினைவும் இங்கே உதவும். வாக்கியத்திலும் எளிதாக உட்காருகிறது: இதயம் உருமீள்கிறது, உருமீண்ட இதயம்.

‘ரிகவரி’ என்று மருத்துவர்கள் சொல்லும் இடத்துக்கு மீட்சியை ஒதுக்கி வைக்கலாம். மறுப்பு இருந்தால், குறிப்பாக இதய மருத்துவம் படித்தவர்கள், ஒரு வாக்கியத்தில் பொருத்திக் காட்டி எழுதுங்கள்.